என்.ஜே.டி.ஜி தளம்: வழக்குக் கணக்கு உண்டு, ஆள் கணக்கு இல்லை

கோர்ட்டுகளில் எத்தனை வழக்கு தேங்கிக் கிடக்கிறது என்று தெரிய வேண்டுமா, நேஷனல் ஜூடிஷியல் டேட்டா கிரிட் தளத்தைத் திறந்தால் போதும். இலவசம், பெயர் பதிவு செய்ய வேண்டியதில்லை. 2015லிருந்து இருக்கிறது. உச்ச நீதிமன்றம் மட்டும் 2023 செப்டம்பரில்தான் இதில் வந்து சேர்ந்தது (கீழ்க்கோர்ட்டெல்லாம் கணக்குக் காட்டி முடித்த பிறகு!).

இதன் அருமை தெரிய, என்.சி.ஆர்.பி. (தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்) அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023ஆம் ஆண்டின் குற்றக் கணக்கு வெளியானது 2025 செப்டம்பர் கடைசியில். அதற்குள் இந்தியத் தண்டனைச் சட்டமே போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய சட்டம் முழுசாக ஓடிய கடைசி வருடத்தின் கணக்கு, அந்தச் சட்டம் போய் ஒரு வருடம் கழித்துக் கைக்கு வந்தால் அதை வைத்து யார் என்ன முடிவு எடுப்பது?

என்.ஜே.டி.ஜி.யில் அந்தத் தொல்லை இல்லை, எண்கள் அன்றாடம் மாறுகின்றன. மாநிலம், மாவட்டம், கோர்ட் என்று கிளிக் செய்துகொண்டே இறங்கினால் தனி வழக்கு வரை போகலாம். எனக்குப் பிடித்தது தாமதக் காரணம் பகுதி. வக்கீல் வரவில்லை, குற்றம்சாட்டப்பட்டவர் தலைமறைவு, சாட்சி வரவில்லை, மேல்கோர்ட் தடை என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள், இதில் வக்கீல் வராததற்குத்தான் பெரும் பங்கு. ஒரு மாவட்டத்தில் தலைமறைவுக் கணக்கு தூக்கலாக இருந்தால் அங்கே இன்னும் இரண்டு நீதிபதியைப் போட்டு என்ன ஆகப்போகிறது, வாரண்டை நிறைவேற்றப் போலீஸ்தானே வேண்டும்? இப்படி யோசிக்க வைப்பதற்கே இந்தத் தளத்தைப் பாராட்டலாம். ஆனால் காரணத்தைப் பதிவு செய்வது கோர்ட் ஊழியர் கையில் இருக்கிறது, பதியாமல் விட்ட வழக்குகளும் ஏராளம்.

அப்புறம், பழைய கணக்கு கிடையாது. போன மாதம் எத்தனை வழக்கு வந்தது, எத்தனை முடிந்தது என்று காட்டும், ஆனால் போன வருடம் இதே நாளில் எத்தனை நிலுவை என்று கேட்டால் பதில் இல்லை. அன்றே குறித்து வைத்திருந்தால் உண்டு. தேக்கம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க முடியாத தளம், முடிவெடுப்பவருக்குப் பாதி உதவிதான்.

பெரிய குறை வேறு. இது வழக்கை எண்ணுகிறது, உள்ளே இருக்கும் ஆளை எண்ணுவதில்லை. 2022 கணக்குப்படி நாட்டுச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 75.8 சதவீதம் விசாரணைக் கைதிகள். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 479ஆம் பிரிவோ, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் ஜாமீனில் விடச் சொல்கிறது (ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேல் வழக்கு இருப்பவருக்கும் இது பொருந்தாது). கோர்ட்டுக்கு மனு எழுத வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது. இன்றைக்கு யார் யார் அந்த எல்லையைத் தாண்டியிருக்கிறார்கள்? அதற்குச் சட்டப்பிரிவும் வேண்டும், உள்ளே போன தேதியும் வேண்டும். பிரிவு கோர்ட் பதிவில் இருக்கிறது, தேதி சிறைகள் கைதி விவரம் பதியும் ஈ-பிரிசன்ஸ் மென்பொருளில் இருக்கிறது. இரண்டையும் கோர்க்க ஐ.சி.ஜே.எஸ். என்று ஒரு ஏற்பாடு அரசுக்குள் உண்டு, நம்மைப் போன்றவர்களுக்கு அது திறக்காது.

முடியாத காரியமும் இல்லை. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் போக வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஜாமீன் தேதியை ஈ-பிரிசன்ஸில் ஏற்றச் சொல்லித்தான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். பத்திரிகைக்காரர்களும் சட்ட மாணவர்களும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒன்று மட்டும், கிரிமினல் என்று காட்டும் மொத்த எண்ணைப் பார்த்து நாட்டில் இத்தனை குற்றமா என்று எழுதிவிடாதீர்கள், செக் பவுன்ஸ் வழக்குகளும் அதில்தான் வருகின்றன. 2019 கடைசியில் நிலுவையில் இருந்த 2.31 கோடி கிரிமினல் வழக்கில் 35.16 லட்சம் அந்த வகை.