பில்லில் ‘உதிரிபாகம்’ என்று எழுதி விற்கப்பட்ட ஸ்கூட்டர் பேட்டரி: ஓர் எச்சரிக்கை

மின்சார ஸ்கூட்டருக்கு வெளிக்கடையில் மாற்று பேட்டரி வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இந்தப் பதிவை முழுவதும் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான்கு ஆண்டுகள் ஓடிய என் ஸ்கூட்டரின் பேட்டரி தளர்ந்துபோனதால், சென்னையில் உள்ள ஒரு விற்பனையாளரிடம் 48 வோல்ட் லித்தியம் அயன் பேட்டரி ஒன்றை 23,500 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே இருக்கும் சிறு மின்கலங்கள் (செல்கள்) எல்லாம் புதியவை என்றும் ஓராண்டு உத்தரவாதம் உண்டு என்றும் தொலைபேசியில் உறுதி கூறியவர், ஈரோட்டுக்கு லாரி பார்சலில் அனுப்பிவைத்தார். பார்சல் ரசீதிலும் பில்லிலும் ‘ஸ்கூட்டர் உதிரிபாகம் – 1’ என்று மட்டுமே இருந்தது. பேட்டரி என்ற சொல்லோ வரிசை எண்ணோ தயாரிப்புத் தேதியோ இல்லாததை நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

ஆறே வாரங்களில் 60 கிலோமீட்டர் ஓடிய வண்டி 20 கிலோமீட்டரில் நின்றது. ஒருநாள் மாலை சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தபோது பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் போன்ற ஒரு வாடையும் வந்தது. செல்லுக்குள் இருக்கும் கரைப்பான் கசியும்போது வரும் வாடை அது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்தப் புகையில் தந்தையும் மகளும் உயிரிழந்த செய்தி உடனே நினைவுக்கு வந்ததால், சுவிட்சை அணைத்துவிட்டுப் பெட்டியை வெட்டவெளிக்குக் கொண்டுபோனேன்.

பேட்டரி பழுது பார்க்கும் நண்பர் ஒருவர், மறுநாள் அது முழுதும் ஆறிய பிறகு, உரிய கையுறையும் கருவிகளும் கொண்டு திறந்து காட்டினார். நீல உறை புத்தம் புதியது. ஆனால் செல்களின் அடிப்பாகத்தில், இப்போது வெல்டு செய்திருந்த நிக்கல் பட்டைக்குப் பக்கத்திலேயே, பழைய வெல்டிங்கைப் பிய்த்து அரம்போட்டுத் தேய்த்த வடுக்கள் குண்டூசித் தலை அளவில் வரிசையாகத் தெரிந்தன. வேறெங்கோ உழைத்துக் களைத்த செல்களுக்குச் சட்டை மாற்றி விற்றிருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டிய 13 செல் வரிசைகளில் பன்னிரண்டு 4.1 வோல்ட்டை ஒட்டிக் காட்ட, ஒன்று மட்டும் 3.4 காட்டியது. சூடேறினால் சார்ஜைத் துண்டிக்க வேண்டிய, பேட்டரியைக் கண்காணிக்கும் மின்சுற்றுப் பலகையின் (பி.எம்.எஸ்.) வெப்ப உணரி, எந்தச் செல்லிலும் ஒட்டப்படாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. நான் மிகவும் கலங்கியது இதைக் கண்டுதான்.

விற்பனையாளரோ, பெட்டியைத் திறந்துவிட்டதால் உத்தரவாதம் செல்லாது என்றார். பில்லில் பேட்டரி என்றே இல்லையே என்றும் சொன்னார். வேண்டுமானால் அதே போல ‘உதிரிபாகம்’ என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள், பார்க்கலாம் என்றார். அதை நான் மறுத்துவிட்டேன். லித்தியம் அயன் பேட்டரி, ஐ.நா. வகைப்பாட்டில் 3480 என்ற எண்ணுடன் ஆபத்தான சரக்குகளின் 9ஆம் வகுப்பில் வருவது. பழுதானதை விமானத்தில் ஏற்றவே கூடாது, சாலை வழியே அனுப்பவும் தனிப்பட்ட பெட்டியும் முன்னேற்பாடும் வேண்டும். துணி மூட்டைகளுக்கு நடுவே அது எரியத் தொடங்கினால், ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லைப் பற்றவைத்துக்கொண்டே போகும். அணைந்ததுபோல் தோன்றி மீண்டும் எரியும். எதன்மீது சாய்ந்து தூங்குகிறோம் என்று அந்த லாரியின் கிளீனருக்குத் தெரிய வேண்டாமா?

பழைய இரும்புக் கடைக்காரர், உடைத்துச் செம்பை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி எடைக்குக் கேட்டார். தயவுசெய்து யாரும் அப்படிக் கொடுத்துவிடாதீர்கள். சுத்தியல் அடியில் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால், உடைப்பவரின் முகத்துக்கு நேரே தீப்பிடிக்கும். நான் முனைகளைத் தனித்தனியே இன்சுலேஷன் டேப்பால் மூடி, உலர்ந்த மணல் நிரப்பிய இரும்பு டிரம்மில், வீட்டுக்கும் வண்டிக்கும் தள்ளி, மழை படாமல் ஒன்பது நாள் வைத்திருந்தேன். 2022ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் மின்வாகன பேட்டரிகளுக்கும் பொருந்தும். அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மீது சுமத்துகின்றன. இந்தப் பெட்டியிலோ தயாரிப்பாளர் பெயரே இல்லை. இறுதியில், ஸ்கூட்டர் நிறுவனத்தின் முகவர், தங்கள் பொருள் அல்லாதபோதும், மறுசுழற்சி நிலையத்துக்குச் செல்லும் தங்கள் வண்டியில் இதையும் ஏற்றிக்கொள்ள இசைந்தார். அவருக்கு நன்றி.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கு மனுக் கட்டணம் கிடையாது. உங்களிடமும் இப்படி ‘உதிரிபாகம்’ என்ற பில்லோடு வந்த பேட்டரி இருந்தால், இன்றிரவு அதை வீட்டுக்குள் சார்ஜில் போடாதீர்கள்.