டிக்கிக் கதவு ஒயர்: ஒட்டுவதா, மாற்றுவதா?

ஹேட்ச்பேக் காரில் பின் வைப்பரும் நம்பர் பிளேட் விளக்கும் சேர்ந்தே மக்கர் செய்தால், கீல் பக்கத்து ரப்பர் குழாயை உருவிப் பாருங்கள். கதவு திறந்து மூடும்போதெல்லாம் ஒயர்கள் மடங்குவது அங்கேதான். என் காரில் எர்த் ஒயர் உறை வெடித்து, செம்பு இழை பச்சை பூத்திருந்தது.

அறுந்த இடத்திலேயே சால்டர் வைத்தால் செலவு சொற்பம். ஆனால் ஈயம் ஏறிய இடம் விறைத்து, அதன் ஓரத்தில் மறுபடி அறும். புது ஹார்னஸ், அதாவது முழு ஒயர் கட்டு, விலை கூடுதல், பேனல்களையும் கழற்ற வேண்டும். ஆனால் எல்லா ஒயரும் புதிது.

ஒன்றிரண்டு ஒயர்தான் என்றால் ஒட்டுங்கள். ஆனால் வளையும் பகுதியை முழுதாக வெட்டி, சிலிக்கான் உறை ஒயர் சேர்த்து, இணைப்புகளை ரப்பருக்கு வெளியே வையுங்கள். பின்கண்ணாடி ஹீட்டருக்குப் பழைய தடிமனிலேயே ஒயர் வேண்டும், இல்லையென்றால் ஒயர் சூடேறும். நாலைந்து அறுந்திருந்தால் ஹார்னஸ்தான். இரண்டுக்குமே முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.