ஸ்பின்னிங் ரீலா, பெயிட்காஸ்டிங் ரீலா: கம்புக்குப் பொருந்துவது எது?

பல வகை மீன்களுக்கும் பயன்படும்படி ஒரே ஒரு தூண்டில் கம்பும், நரம்பை (தூண்டில் இழையை) சுற்றி வைக்கும் ரீலும் வாங்க முடிவு செய்தபோது, இரண்டு வகைகளையும் வீசிப் பார்த்தபின் 7 அடி ஸ்பின்னிங் கம்பையும் 3000 அளவு ரீலையும் தேர்ந்தெடுத்தேன். ஸ்பின்னிங் ரீல் கம்பின் அடியில் தொங்கும், பெயிட்காஸ்டிங் ரீல் மேலே அமரும் என்பது பலருக்கும் தெரிந்ததே. பேரிங் எண்ணிக்கையையும் கியர் விகிதத்தையும் விட, பொருத்தத்தைத் தீர்மானிப்பவை கம்பில் நரம்பு நுழைந்து செல்லும் வளையங்கள் என்பதே என் கருத்து.

ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது, நரம்பு சுற்றியிருக்கும் பகுதியான ஸ்பூல் சுழல்வதில்லை. நரம்பு அதன் விளிம்பைத் தாண்டிச் சுருள் சுருளாகப் பாய்கிறது. அந்தச் சுருளை ஏற்று, படிப்படியாக ஒடுக்கி, நேர்கோடாக்கி அனுப்புவதற்காகவே அந்தக் கம்புகளில் முதல் வளையம் பெரியதாகவும், உயரமான காலில் ரீலிலிருந்து சற்றுத் தள்ளியும் வைக்கப்படுகிறது. அதே ரீலைப் பெயிட்காஸ்டிங் கம்பில் மாட்டினால், சுருள்கள் சிறிய முதல் வளையத்தில் மோதி உரசுவதால் வீச்சுத் தூரம் குறைகிறது. பெயிட்காஸ்டிங் ரீலில் ஸ்பூலே சுழன்று நரம்பை நேராக விடுவதால் பெரிய வளையம் தேவையில்லை. ஆனால் வளையங்கள் மேற்பக்கம் இருப்பதால், மீன் இழுத்துக் கம்பு வளையும்போது நரம்பு கம்பில் உரசாதிருக்க அவை நெருக்கமாக அமைய வேண்டும். இடைவெளி அதிகமான ஸ்பின்னிங் கம்பில் அந்த ரீலை மாட்டுவது இதனால்தான் சரிவராது. ஆகவே ஒரே கம்பில் இரண்டு ரீல்களையும் மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற யோசனையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஸ்பின்னிங் பக்கம் நான் சாய்ந்ததற்கு முதன்மைக் காரணம் 5 கிராம் அளவிலான இலேசான லூர்கள் (செயற்கை இரைகள்). சாதாரண பெயிட்காஸ்டிங் ரீலின் ஸ்பூலை விரைவாகச் சுழற்ற அந்த எடை போதாது. எதிர்க்காற்றில் லூரின் வேகம் குறைந்தும் ஸ்பூல் அதே வேகத்தில் சுழன்றால் நரம்பு சிக்கிக்கொள்ளும். பிரேக்கைச் சரியாக அமைத்து, கட்டைவிரலால் ஸ்பூலை அடக்கிப் பழகியவர்களுக்கே அது கட்டுப்படும். பழகியவர்களுக்கோ, அந்தக் கட்டைவிரலே லூரைக் குறித்த இடத்தில் இறக்கும் நுட்பத்தைத் தருகிறது. தடித்த நரம்பையும் கனமான லூரையும் கொண்டு, நீர்ச்செடிகளுக்குள்ளிருந்து மீனை வலுவாக இழுக்க வேண்டியவர்கள் பெயிட்காஸ்டிங்கையே எடுக்கலாம்.

ஸ்பின்னிங் ரீலில் நரம்பு முறுக்கேறுவது உண்மையான குறைதான். நரம்பை ஸ்பூலில் சுற்றும் பெயில் கம்பியை வீசியபின் கையால் மூடுவதும், மீன் பலமாக இழுக்கையில் நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக் நழுவும்போது கைப்பிடியைச் சுற்றாமலிருப்பதும் அதைப் பெருமளவு குறைக்கும். உப்பு நீரில் பயன்படுத்தினால், நரம்பை ஸ்பூலுக்குத் திருப்பிவிடும் சிறு நரம்பு உருளையைக் கழுவி எண்ணெய் இடுவது அவசியம். அது சுழலாமல் இறுகிவிட்டால் முறுக்கும் தேய்மானமும் கூடும்.

படகிலிருந்து பெரிய மீன்களைப் பிடிக்கும் டிரோலிங் ரீல்களை நான் மிகக் குறைவாகவே கையாண்டிருக்கிறேன். அவற்றுக்கான கம்புகளுக்கு இந்த அலசலை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்.