எச்.ஐ.வி கலம் விட்டுக் கலம் போவதைப் பார்க்க எந்த நுணுக்குக்காட்டி நல்லது?

எச்.ஐ.வி மிதந்து போய்ப் புதிய கலத்தில் ஒட்டலாம். இரண்டு நிர்ப்பீடனக் கலங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் நேரே கைமாறவும் செய்யலாம். இரண்டாவது வழிதான் மிகவும் வேகமானது. வெள்ளவத்தையில் என் உயர்தர உயிரியல் வகுப்பில் இதைச் சொன்னதும், "அதை எப்படி மிஸ் பார்த்தார்கள்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. பார்க்கும் கருவியைப் பொறுத்துப் பதிலே மாறுகிறது.

வைரசின் விட்டம் 100 முதல் 120 நனோமீற்றர். சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியின் பிரிவலு (அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறன்) 200 நனோமீற்றரோடு நின்றுவிடும். அதனால் உருவம் தெரிய இலத்திரன் நுணுக்குக்காட்டிதான் வேண்டும்.

பழைய முறை, பிசினில் பதித்த கலத்தை 70 நனோமீற்றர் அளவில் சீவி, இலத்திரன்களை ஊடாகச் செலுத்துவது. இங்கே சொல்லும் முறைகளில் இதுதான் மிகத் தெளிவானது. கலமென்சவ்வில் மொட்டுவிடும் வைரசின் கரிய பிறைக்கோடு, முதிர்ந்த வைரசின் கூம்பு வடிவ உள்ளகம் எல்லாம் தெரியும். ஆனால் கலத்துக்குள் வைரசு நிறைந்த ஒரு பை தெரிந்தால், அது மூடிய பையா, வெளியே திறந்திருக்கும் மடிப்பா? பாணின் ஒரு துண்டைப் பார்த்து, அதிலுள்ள ஓட்டை மேல்தோல்வரை போகிறதா என்று சொல்ல முடியாதல்லவா?

இங்கேதான் அயன் கற்றையால் (மின்னேற்றமுள்ள அணுக்களின் கற்றை) சீவி, இலத்திரன்களால் மேற்பரப்பை வருடிப் படமெடுக்கும் அலகிடும் நுணுக்குக்காட்டி எனக்குப் பிடிக்கிறது. பிசின் கட்டியின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, ஒவ்வொரு முறையும் படமெடுத்து, எல்லாவற்றையும் அடுக்கி முப்பரிமாண உருவமாக்குவார்கள். 2010இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகத்தில் சிறிராம் சுப்பிரமணியம் குழு இப்படிப் பார்த்தபோது, டென்ட்ரிற்றிக் கலம் (கிருமியைப் பிடித்து மற்ற நிர்ப்பீடனக் கலங்களுக்குக் காட்டும் கலம்) தன் சவ்வுத் தகடுகளால் ரீ கலத்தை (எச்.ஐ.வி முக்கியமாகத் தொற்றும் நிர்ப்பீடனக் கலம்) போர்த்தியிருந்தது. ஆழத்தில் இருப்பதுபோலத் தெரிந்த வைரசுப் பைகள் வெளியோடு தொடர்பு கொண்டிருந்தன. ரீ கலத்தின் விரல் போன்ற நீட்சிகள் அவற்றுக்குள் நுழைந்திருந்தன. தனிச் சீவலில் இந்தப் பாதை பிடிபடாது. நட்டம் என்னவென்றால், நுண்விவரம் குறையும்; அரித்த பகுதியைத் திரும்பப் பார்க்கவும் முடியாது.

சரி, இரண்டிலும் கலம் செத்துத்தான் இருக்கிறது. இரு கலங்களுக்கிடையே நிற்கும் வைரசு வருகிறதா, போகிறதா என்று படம் சொல்லாது. அதற்கு உயிருள்ள கலத்தில் ஒளிர்புரதம் பொருத்திய வைரசைத் தொடரும் ஒளிப்பதிவு வேண்டும். 2009இல் ரீ கலங்களுக்கிடையே அதைப் படம்பிடித்தார்கள். உருவம் மங்கல், திசை மட்டும் உறுதி.

பாதையைக் காட்ட ஒன்றைத்தான் தேர்வு செய்யலாம் என்றால், நான் அயன் கற்றை முறையைத்தான் எடுப்பேன். மாணவர்களுக்கு இன்னொன்று: இலத்திரன் படம் எப்போதும் கறுப்பு வெள்ளை. இணையத்தில் பார்க்கும் சிவப்பு, பச்சை எல்லாம் பிறகு தீட்டியவை.