வாங்க முடியாத பொருளுக்கு ஒரு மதிப்புரை: 303 ரைபிள்

நான் மதிப்புரை எழுதப்போகும் பொருள் எந்தக் கடையிலும் கிடைக்காது. 303 என்பது நம் நாட்டில் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட குழல் அளவு என்பதால், கையில் பணமும் துப்பாக்கி உரிமமும் இருந்தாலும்கூட வாங்க இயலாது. இருந்தும், ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் டூல்ரூமிலும் பிறகு தரப் பரிசோதனைப் பிரிவிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மைக்ரோமீட்டரும் கையுமாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு, கைபட்ட இயந்திரப் பொருள்களில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் பிரிட்டிஷ் ராணுவத்தின் இந்தப் பழைய லீ-என்ஃபீல்டு துப்பாக்கிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அதை நான் தொட்டது 1978 இல், தருமபுரியில் கல்லூரியில் படித்தபோது, என்.சி.சி. முகாமில். கிருஷ்ணகிரியும் அப்போது தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. சுடுவதற்கு ஆளுக்கு ஐந்து தோட்டாக்கள் தந்தார்கள். ஐந்தில் இரண்டு இலக்குப் பலகையில் பட்டன, மீதி எங்கே போயின என்பது அங்கிருந்த பாறைக் குன்றுக்கே வெளிச்சம். ஆனால் என் மனத்தில் பதிந்தது சுட்டது அல்ல, சுட்ட பின் துப்பாக்கியைத் துடைத்தது. தோளில் அணைக்கும் பின்கட்டையின் அடியில் இருக்கும் பித்தளைத் தகட்டின் சிறு கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் எண்ணெய்ப் புட்டியையும் புல்த்ரூ கயிற்றையும் எடுத்துக் குழலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, நானும் பக்கத்தில் இருந்த நண்பனும் போல்ட்டுகளை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலின் பின்புறத்தை மூடும் தண்டுகளை, மாற்றிப் போட்டுவிட்டோம். போல்ட் எளிதாக உள்ளே போயிற்று, மூடியும் கொண்டது. ஆயினும் உஸ்தாத் (பயிற்சி தந்த ராணுவத்தார்) ஓடி வந்து, மொத்தப் பேரையும் நிறுத்தி, போல்ட்டில் உள்ள எண்ணும் துப்பாக்கியின் உடற்சட்டத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே எங்களைச் சாப்பிடப் போகவிட்டார்.

அந்தக் கோபத்தின் பொருள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகே எனக்கு விளங்கிற்று. அங்கே சிலிண்டரையும் பிஸ்டனையும் அளந்து ஏ, பி, சி என்று தரம் பிரிப்போம். ஏ சிலிண்டருக்கு ஏ பிஸ்டன்தான் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நுண்ணளவில் கடைவதற்கு ஆகும் செலவைவிட, சற்றே ஏறக்குறையக் கடைந்து பொருத்தமான இணையைத் தேர்ந்தெடுப்பது மலிவு. லீ-என்ஃபீல்டிலும் இதே தந்திரம் இருக்கிறது. போல்ட்டை மூடிய பின் தோட்டாவின் அடிக்கும் போல்ட் முகப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடினால் தோட்டா உறை கிழியலாம். குறைந்தால் போல்ட்டே மூடாது. ஆகவே போல்ட்டின் தலையைத் தனித் துண்டாக, திருகிப் பூட்டும்படி வைத்தார்கள். பின்னால் வந்த நம்பர் 4 ரகத்தில் இந்தத் தலைகள் மயிரிழை வேறுபாட்டுடன் 0 முதல் 3 வரை எண்ணிட்டு நான்கு நீளங்களில் கிடைத்தன. படைக்கலப் பழுதுபார்ப்பவர் அளவுகோலை வைத்துப் பார்த்து உரியதைப் பொருத்துவார். எங்கே நுட்பம் தேவை, எங்கே தேவையில்லை என்பதை அறிந்து வரைந்த வரைபடம் இது. இந்தத் துப்பாக்கியின் மேன்மை எனக்கு இங்கேதான் தெரிகிறது.

போர்க்காலத்தில் இந்த அறிவே சோறு போட்டது. 1907 இல் வந்த மார்க் 3 ரகத்தில் மேகசினை (தோட்டாப் பெட்டியை) மறிக்கும் தகடு, வெகுதொலைவுக்குக் கூட்டமாகச் சுடுவதற்கான பக்கவாட்டுக் குறிபார்க்கும் கருவி என்று பல அலங்காரங்கள் இருந்தன. முதல் உலகப்போரின் நெருக்கடியில் அவற்றையெல்லாம் கழற்றி எறிந்து மார்க் 3 ஸ்டார் என்று ஆக்கினார்கள். சுடுகிறவருக்கு எதுவும் குறையவில்லை. இரண்டாம் உலகப்போரில் இன்னும் துணிந்தார்கள். தோட்டா சுழன்று செல்ல உள்ளே ஐந்து வரிப்பள்ளம் வெட்டிய குழலுக்குப் பதிலாகக் கனடாவிலும் அமெரிக்காவிலும் இரண்டே பள்ளம் வெட்டிய குழல்களைச் செய்தார்கள். நுண்ணிய திருகு வைத்த பின்புறக் குறிபார்க்கும் கருவிக்குப் பதிலாக 300 கஜம், 600 கஜம் என்று இரண்டே நிலை கொண்ட மடிப்புத் தகட்டைப் பொருத்தினார்கள். 1940 நவம்பர் 19 அன்று பர்மிங்காமில் இந்தத் துப்பாக்கியைச் செய்த பி.எஸ்.ஏ. ஆலையின் மீது ஜெர்மன் குண்டுகள் விழுந்து 53 தொழிலாளர்கள் இறந்த பிறகு, ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் வைப்பது எவ்வளவு ஆபத்து என்பது தெரிந்து, வேலை பல இடங்களுக்குப் பிரிந்தது. ஆஸ்திரேலியாவில் லித்கோ என்ற நிலக்கரி ஊரின் ஆலைக்கு ஆரஞ்சு, பாதர்ஸ்ட் போன்ற அக்கம்பக்கத்து ஊர்களிலும் கிளை ஆலைகள் எழுந்தன. ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளிலிருந்து டெம்போவில் உதிரிபாகங்கள் வந்து இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

இதற்கு நேர் எதிரானது அஞ்செட்டி மலைப்பக்கத்து நாட்டுத் துப்பாக்கி. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 இல் அறிவித்தார்கள். இரும்பும் கொல்லனின் கைத்திறனும் நமக்குப் பழையவை. ஆனால் ஒரு கொல்லர் செய்த நாட்டுத் துப்பாக்கியின் திருகு அவரே செய்த அடுத்ததற்குப் பொருந்தாது. மாறாக, வரைபடத்தையும் அளவுகோலையும் நம்பிய லீ-என்ஃபீல்டு வகையில் மொத்தம் சுமார் 1 கோடியே 70 லட்சம் செய்யப்பட்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

பயன்பாட்டைப் பொறுத்தவரை, ஜெர்மனியின் மவுசர் போன்ற அக்காலத்துப் போட்டித் துப்பாக்கிகள் 5 தோட்டாவோடு நின்றுவிட்டபோது இதன் மேகசின் 10 கொண்டது. போல்ட்டின் கைப்பிடியைச் சிறிதளவு தூக்கினாலே போதும், விரல் டிரிகரை விட்டு அதிகம் விலகாது. பயின்ற சிப்பாய் நிமிடத்துக்கு 15 முறை குறிபார்த்துச் சுட்டது இதனால்தான். குறைகளும் உண்டு. ஏறத்தாழ 4 கிலோ எடை, ஒல்லியான கல்லூரி மாணவனின் தோளுக்குப் பெரிய தண்டனை. உதைப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தோட்டாவின் அடியில் விளிம்பு இருப்பதால், கிளிப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக அடுக்காவிட்டால் விளிம்பும் விளிம்பும் மாட்டிக்கொண்டு மேகசின் சண்டித்தனம் செய்யும். போல்ட்டின் பூட்டு பின்புறத்தில் இருப்பதால் மவுசரின் இறுக்கம் இதற்கு இல்லை. முன்கட்டை சரியாக உட்காராவிட்டால் குறியும் தவறும்.

வங்காளத்து இச்சாப்பூர் துப்பாக்கி ஆலையைச் சொல்லாமல் விட முடியாது. பிரிட்டன் நம்பர் 4 ரகத்துக்கு மாறிய பிறகும் இச்சாப்பூர் பழைய மார்க் 3 ரகத்தையே தொடர்ந்தது. முன்கட்டை பிளக்காமல் இருக்கக் குறுக்கே ஒரு திருகு போட்டது. அந்தத் திருகை வைத்தே நம் நாட்டுத் துப்பாக்கியை அடையாளம் காணலாம். உரிமம் உள்ளவர்கள் வாங்கக்கூடிய 315 ரைபிளும் இதே போல்ட் அமைப்பில் அங்கே செய்யப்பட்டதுதான். 1962 சீனப் போருக்குப் பின், அதே பழைய வரைபடத்தை வலுவான எஃகில் செய்து, 7.62 மி.மீ. தோட்டாவுக்கும் 12 தோட்டா கொள்ளும் பெட்டிக்கும் ஏற்ப மாற்றி, 2ஏ, 2ஏ1 என்ற ரகங்களைச் செய்தார்கள். 303 ரகத்துக்கு என் மதிப்பெண் பத்துக்கு ஒன்பது. குறைத்த ஒன்று அந்த விளிம்புக்காக. விளிம்பில்லாத தோட்டாவோடு வந்த 2ஏ1 ஐ நான் கையில் எடுத்துச் சுட்டதில்லை என்பதால் அதற்கு மதிப்பெண் இடவில்லை.