‘அழுக்குத் தின்னும் மீன்’ என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள்

பணம் மட்டும் போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஓர் உயிர் போயிற்று. வீட்டுத் தொட்டிக்குக் கெளுத்தி மீன் வாங்க நினைப்பவர்கள் படித்துவிட்டுப் போங்கள்.

தொட்டி, வடிகட்டி, சரளைக்கல், மீன்கள் எல்லாவற்றையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினேன். பில் போடும் நேரத்தில் கடைக்காரர் வெண்கல நிறத்தில், கட்டைவிரல் நீளத்தில் ஒரு மீனைக் காட்டினார். வாயோரம் குட்டிக் குட்டி மீசைகள். கோரிடோராஸ் என்னும் கெளுத்தி வகை. “இதில் ஒன்றைப் போட்டுவிடுங்கள் சார். மற்ற மீன்களின் கழிவையெல்லாம் இதுவே தின்றுவிடும். தனியாகத் தீனி வேண்டாம், தண்ணீர்கூட அடிக்கடி மாற்ற வேண்டாம்” என்றார். அந்தத் தொட்டியில் ஒட்டியிருந்த அட்டையிலும் ‘அழுக்குத் தின்னும் மீன்’ என்றே எழுதியிருந்தது. நம்பிவிட்டேன்.

அவர் சொன்னதில் ஒன்றுகூட உண்மையில்லை. இந்த மீன் அடிமணலில் மூக்கை நுழைத்துப் புழு பூச்சிகளைத் தேடித் தின்னும். கழிவைத் தின்று உயிர் வாழாது. மேலே தூவிய தீனியை மற்ற மீன்களே முடித்துவிட்டன. கீழே ஒரு துணுக்கும் இறங்கவில்லை. தரையில் மூழ்கும் தீனியென்று தனியாக இருப்பதே எனக்குத் தெரியாது. ‘ஒன்று போதும்’ என்பதும் பொய். இவை கூட்டமாக வாழ்பவை. குறைந்தது ஆறு இருந்தால்தான் பயமில்லாமல் உலவும். என்னுடையது வடிகட்டிக்குப் பின்னாலேயே ஒடுங்கிக் கிடந்தது.

இரண்டாவது வாரத்தில் நிமிடத்துக்கொரு முறை மேலே பாய்ந்து காற்றை விழுங்கத் தொடங்கியது. போன் செய்து கேட்டேன். “விளையாடுகிறது சார்” என்றார். கோரிடோராஸ் குடல் வழியாகவும் காற்றைச் சுவாசிக்கக்கூடியது, அதனால் எப்போதாவது மேலே வருவது இயல்புதான். ஓயாமல் வந்தால் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று பொருள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்னும் நஞ்சை, அதுபோலவே நஞ்சான நைட்ரைட்டாகவும், அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் வளர்ந்து நிலைக்க ஏறக்குறைய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் கொடுத்தனுப்பியவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

மறுபடி போனபோது கைநிறைய உப்பும் ஒரு நீல மருந்தும் விற்றார். செதில் இல்லாத இந்த மீன்களுக்கு மருந்தின் அளவைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், உப்பும் அதிகம் ஒத்துக்கொள்ளாது. அதைச் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். வயிறு உள்ளே குழிந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மீசைகளில் பாதிக்குமேல் இல்லை; அடியில் செந்நிறமாக இரண்டு முளைகள் மட்டும் மிச்சம். கூரான சரளையும் அதனிடுக்கில் தேங்கிய அழுக்கும் சேர்ந்து அரித்திருக்கின்றன. இதற்குத் தேவை மெல்லிய மணல். அந்தக் கல்லையும் அவர்தான் ‘அழகாக இருக்கும்’ என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்.

கடைக்குப் போய்ச் சொன்னபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மீன்தானே சார், பாதி விலைக்கு இன்னொன்று தருகிறேன்.” நல்ல பராமரிப்பில் பத்து ஆண்டு வாழக்கூடிய உயிரை மூன்று வாரத்தில் பட்டினி போட்டுக் கொல்ல வைத்துவிட்டு, தள்ளுபடி தருகிறார்.

அதனால் சொல்கிறேன்: நேர்மையான கடைக்காரர் மீனைக் கொடுப்பதற்கு முன், உங்கள் தொட்டி எத்தனை நாளாக ஓடுகிறது என்று கேட்பார். கேட்காதவரிடம் வாங்க வேண்டாம். உங்கள் கண்ணெதிரே தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை எடுக்காதீர்கள். வயிறு உருண்டு, மீசை முழுதாக இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பெயரையும், முழுதாக வளர்ந்தால் எவ்வளவு நீளம் என்பதையும் கட்டாயம் கேளுங்கள். அதே கடையில் செவ்வால் கெளுத்திக் குஞ்சை ‘சின்னதாகவே இருக்கும்’ என்று ஒரு சிறுவனுக்கு விற்றதைப் பார்த்தேன். அமேசான் ஆற்று மீன் அது, ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். இன்னொன்று, கெளுத்தியை வலையில் பிடிக்க விடாதீர்கள். துடுப்பு முள் வலையில் சிக்கிக் காயமாகும். குவளையில் முகந்து எடுக்கச் சொல்லுங்கள்.

என் தொட்டியில் இப்போது மணல் மட்டும் இருக்கிறது. மிச்ச மீன்களை, பல ஆண்டுகளாக மீன் வளர்க்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பாக்டீரியாக்கள் ஏற்கெனவே குடியேறிய, அவர் தந்த பழைய வடிகட்டிப் பஞ்சைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு வந்து அப்படியே நிற்கும்வரை எந்த மீனும் வராது.

நேற்று அந்தக் கடை வழியாக வந்தேன். அட்டை இன்னும் ஒட்டியிருக்கிறது. அதன் கீழே, கூரான கல்லின் மேல், ஒற்றைக் கோரிடோராஸ்.