கன்றைத் தாய் மடியில் விடுவதா, சூப்பிப் போத்தலில் வளர்ப்பதா?

மாடு கன்று போட்ட வீட்டில் அன்றிரவே இந்தப் பேச்சு வந்துவிடும். கன்றைத் தாயோடு விட்டு வளர்ப்பதா, பிரித்துக் கட்டிச் சூப்பிப் போத்தலில் பால் கொடுப்பதா? நுவரெலியா மலைப்பக்கத்தில் இருக்கிற எங்கள் அக்கரப்பத்தனையில், தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கு லயம் இதற்குப் பதில் மாறும். எங்கள் பட்டியில் இரண்டு விதமாகவும் வளர்த்துப் பார்த்திருக்கிறோம். ஒரு கன்றைப் பறிகொடுத்தும் இருக்கிறோம். அதனால் இதை நிதானமாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

நான் சொல்வது இரண்டு மூன்று மாடு கட்டி, காலையில் பால் சேகரிப்பு நிலையத்துக்கு ஊற்றுகிற வீடுகளுக்கு. அம்பேவலை போன்ற பெரிய பண்ணையின் கணக்கு வேறு. நம் வீட்டில் கன்றைப் பார்க்கிற அதே ஆள்தான் விடிந்ததும் தோட்டத்து வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கும் போக வேண்டும்.

எந்த முறை என்று முடிவு செய்வதற்கு முன்னால் முதல் சில மணி நேரத்தைத் தனியாகப் பேசிவிடுகிறேன். மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சத்து தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஓரளவு வந்து சேரும். மாட்டுக்கு அப்படி இல்லை, நச்சுக்கொடி வழியாக அது கன்றுக்குப் போகாது. சீம்பால் ஒன்றுதான் வழி. அதையும் கன்றின் குடல் அப்படியே உறிஞ்சுவது கொஞ்ச நேரத்துக்குத்தான். முதல் 6 மணி நேரத்தில் நன்றாக ஏறும், அப்புறம் குறைந்துகொண்டே வந்து 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். மறுநாள் எவ்வளவு கொடுத்தாலும் விட்டது விட்டதுதான்.

சில வருடங்களுக்கு முன் தை மாதப் பனியில் எங்கள் செவலை மாடு கன்று போட்டது. இரவு பத்து மணி இருக்கும். கன்று தடுமாறி எழுந்து, மடிப்பக்கம் போய் முட்டியது. "குடிச்சிருச்சா அம்மாயி?" என்று கேட்டேன். "வாய வச்சிருச்சு, நீ போய்ப் படும்மா" என்றார். விடிந்து பார்த்தால் கன்று கழுத்தை வயிற்றுப் பக்கம் மடித்துக் கிடக்கிறது. காது சில்லிட்டிருந்தது. வாய்க்குள் விரலை விட்டேன், உள்ளேயும் சில்லென்றிருந்தது. அப்புறம்தான் மடியைப் பார்த்தோம். நான்கு காம்பின் நுனியிலும் மெழுகு போன்ற அடைப்பு உடையாமல் அப்படியே இருந்தது. கன்று ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. செவலைக்கு அது ஐந்தாவது ஈற்று. மடி தொங்கிக் காம்பு தாழ்ந்துபோய் இருந்தது, கன்று இரவு முழுக்க மேலேயே தேடியிருக்கிறது. மாட்டு டாக்டர் வந்தார், சீம்பால் கொடுத்தோம், சாக்குப் போர்த்திச் சூடு காட்டினோம். நான்காம் நாள் கழிச்சல் கண்டது. ஆறாம் நாள் போய்விட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முதல் சீம்பால் போத்தலில்தான். தாய் கன்றை நக்கட்டும், அதைத் தடுக்க மாட்டோம். அந்த நக்கலில்தான் உடம்பு காய்ந்து இரத்த ஓட்டம் கிளம்பும். தொப்புளை அயடீனில் நனைத்துவிட்டு, கறந்த சூட்டோடு அளந்து கொடுத்துவிடுவோம். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. 35, 40 கிலோ வரும் பிரீசியன் கன்றுக்கு மூன்றரை முதல் 4 லீட்டர், 25 கிலோ ஜெர்சிக் கன்றுக்கு இரண்டரை. ஒரே தடவையில் குடிக்காவிட்டால், மீதியை 6 மணி நேரத்துக்குள் இன்னொரு தடவை. பக்கத்து வீடுகளுக்குச் சீம்பால் கொடுப்பது நம் வழக்கம், அது நல்ல வழக்கம்தான். ஆனால் முதல் கறவை கன்றுக்கு. அயலுக்குக் கொடுப்பது மூன்றாம் கறவையில் இருந்து.

சரி, முதல் நாள் முடிந்தது. இனி எது?

தாயோடு விடுவதன் பெரிய நன்மை, பால் எப்போதும் சரியான சூட்டில், சுத்தமாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். போத்தல் கழுவ வெந்நீர் வேண்டாம். கழுத்தை நீட்டிச் சப்பும்போது கன்றின் உள்ளே ஒரு மடிப்பு குழாய் போல மூடிக்கொண்டு, பாலை முதல் வயிற்று அறைக்கு விடாமல் நேராக நான்காவது அறைக்குக் கொண்டுபோகும். பால் செரிக்கிற இடம் அதுதான். தரையில் வாளியை வைத்துக் குடிக்க விட்டால் கன்று மடமடவென்று இழுக்கும். சில சமயம் பால் தவறான அறைக்குப் போய்ப் புளித்து வயிறு உப்பும்.

கெடுதலும் உண்டு. எவ்வளவு குடித்தது என்று தெரியாது. கன்று இரண்டு நாளாகப் பாதிப் பால்தான் குடிக்கிறது என்பது கண் குழிவிழுந்த பிறகுதான் தெரியவரும். பத்தடிப் பட்டியில் தாயின் காலில் மிதிபடுகிற ஆபத்தும் இருக்கிறது. இன்னொன்று, மடியிலேயே வளர்ந்த கன்றை விற்றாலோ அது செத்தாலோ, சில மாடு பாலை இறக்காமல் அடக்கிக்கொள்ளும். நாட்டு மாட்டிலும் அதன் கலப்பிலும் இது அதிகம். பிரீசியனும் ஜெர்சியும் கன்று இல்லாமலே பால் இறக்கும்.

போத்தலில் வளர்த்தால் கன்றின் உடல்நிலை ஒவ்வொரு வேளையும் கைக்குத் தெரியும். நேற்று இழுத்துக் குடித்த கன்று இன்று அரைப் போத்தலில் வாயை எடுத்தால், கழிச்சல் வருவதற்கு முன்னாலேயே சந்தேகம் வந்துவிடும். எனக்கு இந்த முறையில் பிடித்ததே இதுதான். தாய்க்கு மடிவீக்கம் வந்தாலும் கன்று பட்டினி கிடக்காது.

ஆனால் வேலை. பால் 38, 39 பாகைச் சூட்டில் இருக்க வேண்டும், மணிக்கட்டில் விட்டால் இளஞ்சூடு தெரிய வேண்டும். போத்தலைத் தாயின் மடி உயரத்தில் பிடிக்க வேண்டும், ரொம்பத் தூக்கினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். சூப்பியின் துளையைப் பெரிதாக்காதீர்கள். சீக்கிரம் முடியட்டும் என்று பிளேடால் கீறிவிடுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். கன்று இருமத் தொடங்கிய பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. ஒரு நாளைக்கு 4 லீட்டர் என்று 60 நாளுக்கு 240 லீட்டர். குளிர் நாளில் 6 லீட்டர் கேட்கும். அவ்வளவு பாலை விற்காமல் விட மனம் வராமல் வீட்டுப் பால்மாவைக் கரைத்துச் சீனி போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அது கழிச்சலை வலியக் கூப்பிடுவது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. கன்றைத் தாய்க்குப் பக்கத்திலேயே, மூக்கு தொடுகிற தூரத்தில் தனியாகக் கட்டுவது. காலையும் மாலையும் கறந்து முடித்த பிறகு கால் மணி நேரம் மடியில் விடுவது. கழுவும் வேலை இல்லை, மடியில் மிச்சப் பால் தேங்குவதில்லை, மடிவீக்கமும் குறையும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கறவையின் கடைசியில் வருகிற பாலில்தான் கொழுப்பு அதிகம். நம் பாலுக்கு விலை போடுவது கொழுப்பையும் மற்றத் திண்மத்தையும் பார்த்து. அந்தக் கடைசிப் பாலைக் கன்று குடித்தால் நிலையத்தில் நம் பாலின் கொழுப்பு அளவு இறங்கும். முதல் தடவை எங்கள் வீட்டில் இதைப் புரிந்துகொள்ளாமல், பாலில் யாரோ தண்ணீர் கலந்துவிட்டதாகச் சண்டையே வந்தது. இப்போது ஒரு காம்பை முழுதாகக் கன்றுக்கு விட்டு, மற்ற மூன்றையும் ஒட்டக் கறக்கிறோம். கன்று வளர வளர அந்த ஒரு காம்பு போதாமல் போகும். அப்போது இரண்டாவது காம்பிலும் கொஞ்சம் மிச்சம் விடுவோம்.

என் முடிவைக் கேட்டால், வீட்டில் பகலில் ஒரு பெரியவர் இருந்து, மாடு பிரீசியனோ ஜெர்சியோ ஆனால் போத்தல் நல்லது. எல்லோரும் தேயிலை மலைக்கு வேலைக்குப் போகிற வீட்டில் நடுவழி. போத்தல் முறையைப் பிடித்துக்கொண்டு அவசரத்தில் ஆறின பாலைக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். நாட்டுக் கலப்பு மாட்டுக்கு நடுவழியைத் தவிர வேறு யோசிக்கவே வேண்டாம். முழு நேரமும் தாயோடு விடுவதை இந்தக் குளிரில், இந்தச் சின்னப் பட்டியில் நான் சொல்ல மாட்டேன்.

குளிரை லேசாக நினைக்காதீர்கள். பிறந்த கன்றுக்கு 10, 15 பாகைக்குக் கீழே போனாலே உடம்பைச் சூடாக வைக்கக் குடித்த பால் செலவாகத் தொடங்கும். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1868 மீட்டர். தை, மாசி இரவுகளில் 10 பாகைக்குக் கீழே இறங்குவது இங்கே சாதாரணம். தாயிடம் இருந்து பிரித்தால் அந்தச் சூட்டுக்குப் பதில் நாம் ஏதாவது கொடுத்தாக வேண்டும். காய்ந்த மானாப்புல் கன்றின் கால் மறைகிற அளவுக்குப் போடுங்கள். அதில் முழங்காலை ஊன்றி இருபது எண்ணுங்கள், துணி நனைந்தால் புல்லை மாற்ற வேண்டும். முதுகில் சணல் சாக்கு, காற்று வருகிற பக்கம் படங்கு. கூரையடியில் மட்டும் கொஞ்சம் திறந்திருக்கட்டும், மூத்திர நெடி தங்கினால் நெஞ்சில் சளி கட்டும்.

பால் மறக்கடிக்கும்போது இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம் காதுக்கே கேட்கும். போத்தல் கன்று தீனியில் நாளுக்கு ஒரு கிலோ அளவுக்கு மூன்று நாள் விடாமல் தின்றால் பாலைக் குறைத்து நிறுத்திவிடலாம், தாய் கண்டுகொள்ளாது. மடியில் வளர்ந்ததைப் பிரித்தால் தாய் இரண்டு மூன்று இரவு கத்தும். லயத்தில் சுவருக்குச் சுவர் வீடு, பன்னிரண்டு குடும்பமும் தூங்காது. நாங்கள் ஒரேயடியாகப் பிரிப்பதில்லை. முதலில் மாலைப் பாலை மட்டும் நிறுத்துகிறோம். கன்று அதே இடத்தில், தாயின் மூக்கு எட்டுகிற தூரத்தில்தான் கட்டியிருக்கும். ஒரு வாரம் கழித்துக் காலைப் பாலையும் நிறுத்துகிறோம். போன தடவை செவலை ஒரே ஒரு இரவுதான் கத்தியது.